போன் திரையில் ஜெயித்த கரிமப் பொருள், சோலார் பேனலில் ஏன் திணறுகிறது?

‘ஆர்கானிக்’ என்றதும் நாட்டுச் சர்க்கரையும் பூச்சிமருந்து அடிக்காத கீரையும்தான் ஞாபகம் வரும். வேதியியலில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேற. பிளஸ் டூவில் படித்த கரிம வேதியியல் நினைவிருக்கிறதா? கார்பனை முதுகெலும்பாகக் கொண்ட மூலக்கூறுகளின் பாடம் அது. உங்கள் போனில் இருப்பது ஓஎல்இடி திரை என்றால், இந்த வரிகளை இப்போது உங்களுக்குக் காட்டுவதும் அந்தக் குடும்பத்துப் பொருட்கள்தான்.

ஓஎல்இடி, மின்சாரத்தை வாங்கி வெளிச்சம் தருகிறது. அதையே திருப்பிப் போட்டால், அதாவது வெளிச்சத்தை வாங்கி மின்சாரம் தந்தால், அது கரிம சோலார் செல். திரை எல்லோர் பாக்கெட்டுக்கும் வந்துவிட்டது. சோலார் செல் மட்டும் ஏன் இன்னும் வரவில்லை?

பிளாஸ்டிக்கில் கரன்ட் பாயுமா?

ஷாக் அடிக்கக் கூடாது என்றுதான் வயருக்கு மேல் பிளாஸ்டிக் உறை போடுகிறோம். இந்த நம்பிக்கையை உடைத்தவர்கள் ஜப்பானின் ஹிடெகி ஷிரகாவா, அமெரிக்காவில் பணியாற்றிய ஆலன் மெக்டியார்மிட், ஆலன் ஹீகர் மூவரும்.

ஷிரகாவாவின் டோக்கியோ ஆய்வகத்தில் ஒருமுறை பாலிஅசிட்டிலீன் தயாரித்தபோது, வினையூக்கி தேவையைவிட சுமார் 1,000 மடங்கு கூடுதலாகச் சேர்ந்துவிட்டது. கிடைத்தது வெள்ளி போல மின்னும் ஒரு படலம். பின்னர் மூவரும் சேர்ந்து அத்தகைய படலத்தில் அயோடின் ஆவியைச் செலுத்தினர். மின்கடத்தும் திறன் சுமார் 1 கோடி மடங்கு எகிறியது. 1977-ல் வெளியான அந்த ஆய்வுக்கு 2000-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ரகசியம் மூலக்கூறின் அமைப்பில் இருக்கிறது. கார்பன் அணுக்களுக்கு இடையே ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வந்தால், சில எலக்ட்ரான்கள் ஒரே அணுவோடு ஒட்டிக்கொள்ளாமல் சங்கிலி நெடுகப் பரவி நிற்கும். அயோடின் அவற்றில் கொஞ்சத்தை உருவிக்கொள்ள, காலியான இடம் வழியே மற்றவை நகரத் தொடங்குகின்றன.

ஒரே ஆய்வாளர், இரண்டு குழந்தைகள்

கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த சிங் டாங், 1986-ல் இரண்டு கரிம அடுக்குகள் கொண்ட சோலார் செல்லை வெளியிட்டார். விழும் ஒளியில் சுமார் 1 சதவீதம் மின்சாரமானது. மறு ஆண்டே, ஸ்டீவன் வான் ஸ்லைக்குடன் சேர்ந்து நவீன ஓஎல்இடிக்கு வழிபோட்டார். இரண்டாவது குழந்தை ஓடிவிட்டது. மூத்தது இன்னும் நடை பழகுகிறது.

சிக்கல் எங்கே?

சிலிக்கானில் ஒளி பட்டதும் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமும் சுலபமாகப் பிரிந்துவிடும். கரிமப் பொருளில் இரண்டும் ஒன்றை ஒன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். பிரிக்க வேண்டுமென்றால், எலக்ட்ரானை இழுக்கும் வேறொரு பொருளின் எல்லைக்கு அந்த ஜோடி போய்ச் சேர வேண்டும். அது நகரக்கூடிய தூரமோ சுமார் 10 நானோமீட்டர்தான். அதற்குள் எல்லை வராவிட்டால், கிடைத்த ஆற்றல் வீண்.

புட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு ஒரு அடுக்கு, தேங்காய்ப்பூ ஒரு அடுக்கு. டாங்கின் செல் அப்படித்தான் இருந்தது. 1995-ல் ஹீகரின் குழு இரண்டையும் பிசைந்துவிட்டது. எங்கே பார்த்தாலும் எல்லை! ஆனா, ரொம்பப் பிசைந்தாலும் ஆபத்து. பிரிந்த மின்னூட்டம் வெளியே போக இரு பொருளிலும் அறுபடாத பாதை வேண்டும். அந்தப் பதத்தைப் பிடிப்பதுதான் இன்றுவரை ஆய்வகங்களின் பெரிய வேலை.

எலக்ட்ரானை வாங்கும் பொருளாக நீண்ட காலம் இருந்தது ஃபுல்லரீன் என்ற பந்து வடிவக் கார்பன். அது ஒளியை அதிகம் உறிஞ்சாது, விலையும் கூட. சீன ஆய்வாளர்கள் அதற்கு மாற்றாகப் புது மூலக்கூறுகளை வடிவமைத்தனர். 2019-ல் யிங்பிங் ஸோ குழுவின் ‘ஒய்6’ 15.7 சதவீதத்தைத் தொட்டது. இன்று சிறிய ஆய்வகச் செல்கள் 20 சதவீதம் வரை வந்துவிட்டன. சந்தையில் விற்கும் சிலிக்கான் பேனல்கள் இருப்பதும் ஏறக்குறைய அதே வட்டாரத்தில்தான்.

அப்புறம் என்ன தடை?

ஆயுள். சிலிக்கான் பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் சகஜம். கரிம மூலக்கூறையோ ஆக்சிஜன், ஈரம், புற ஊதாக் கதிர் எல்லாம் அரிக்கும். பிசைந்த கலவையும் வெயிலில் மெல்ல மெல்லத் தனித்தனியாகப் பிரியும். போன் திரை கண்ணாடிக்குள் பத்திரமாக நாலைந்து வருடம் தாங்கினால் போதும்; விலை கொடுக்கவும் நாம் தயார். சோலார் பேனலோ வெயிலிலும் மழையிலும் தலைமுறைக்கு நிற்க வேண்டும். விலையும் மலிவாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, அளவு. விரல்நகம் அளவுள்ள செல்லின் சாதனை, சதுர மீட்டருக்கு விரியும்போது குறைந்துவிடுகிறது. குளோரோஃபார்ம் போன்ற நச்சுக் கரைப்பான்களுக்கு மாற்றும் தேவை. இதற்கிடையே சிலிக்கான் விலை சரிந்துகொண்டே போனது. ஹீகர் இணைந்து தொடங்கிய அமெரிக்காவின் கொனார்கா நிறுவனம், நோபல் பெயர் இருந்தும் 2012-ல் திவாலானது.

சிலிக்கான் போக முடியாத இடம்

அதனால் இப்போது உத்தி மாறியிருக்கிறது. ஒளியை உறிஞ்சும் கரிம அடுக்கின் தடிமன் சுமார் 100 நானோமீட்டர். சிலிக்கான் தகட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மெல்லியது. வளையும், எடையும் இல்லை. ஜெர்மனியின் ஹீலியாடெக் நிறுவனம் தயாரிக்கும் ஒட்டும் சோலார் படலம் சதுர மீட்டருக்கு 2 கிலோகூட வராது. கண்ணாடிப் பேனல் 10 கிலோவுக்கு மேல். பாரம் தாங்காத தொழிற்சாலைக் கூரைக்கும் கட்டடச் சுவருக்கும் இது தோது.

அடுத்தது, அறைக்குள். மூலக்கூறை மாற்றி, எந்த நிற ஒளியை உறிஞ்ச வேண்டும் என்று தீர்மானிக்கலாம். எல்இடி விளக்கின் ஒளிக்கு ஏற்ப வடிவமைத்தால், ஆபீஸ் வெளிச்சத்திலேயே சென்சார், ரிமோட் போன்றவற்றுக்கு வேண்டிய மின்சாரம் கிடைக்கும். அடிக்கடி பேட்டரி மாற்றும் வேலை மிச்சம். ஸ்வீடனின் எபிஷைன் இதில்தான் இறங்கியிருக்கிறது.

அப்போ, மொட்டை மாடியில் சோலார் போடுவதை இதற்காகத் தள்ளிப்போடலாமா? வேண்டாம். அங்கே சிலிக்கானை அசைக்க இப்போதைக்கு ஆளில்லை. கரிம செல்லைப் பற்றி அடுத்த முறை ‘புதிய சாதனை’ என்று செய்தி வந்தால், சதவீதத்தோடு நிறுத்திவிடாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: செல்லின் அளவு என்ன, எத்தனை வருடம் தாங்கும்?