சின்னக் கடைக்கு வெப்சைட் லாபமா, செலவா?

‘உங்கள் கடைக்கு வெப்சைட் செய்து தருகிறோம். வியாபாரம் பெருகும்’ என்று சேலம், நாமக்கல் பக்கத்துச் சின்னக் கடைக்காரர்களைத் தேடி வருபவர்கள் உண்டு. செக்கு எண்ணெய், நாட்டுச்சர்க்கரை, விதை, தீவனம் என எந்தக் கடையாக இருந்தாலும், பணம் கட்டும் முன் ஒரு கேள்விக்கு விடை தேடிவிட வேண்டும். பொருளை வாங்குகிறவர் எங்கே இருக்கிறார்?

பக்கத்து ஊர்க்காரர் என்றால்...

ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ உள்ள ஓர் உரக்கடைக்கு வருகிற விவசாயி, பூச்சி அரித்த இலையைக் கையோடு கொண்டு வருகிறார். மருந்து கேட்கிறார். கையில் பணம் இல்லாவிட்டால் அறுவடைக்குப் பிறகு தருவதாகச் சொல்கிறார். இந்தப் பழக்கத்தையும் நம்பிக்கையையும் வெப்சைட் தராது. அவருக்குத் தெரிய வேண்டியது, கடை திறந்திருக்கிறதா, கேட்ட விதை வந்துவிட்டதா, இன்றைய விலை என்ன என்பவைதான்.

இதற்குக் காசு செலவில்லாத வழி இருக்கிறது. கூகுள் மேப்பில் கடையின் பெயர், போன் எண், திறக்கும் நேரம், போட்டோ ஆகியவற்றை இலவசமாகப் பதிவு செய்யலாம். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருட்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கி வைக்கலாம். இதுவும் இலவசம்தான்.

நாமக்கல் முட்டை விலையைப் பண்ணையாளர்களும் வியாபாரிகளும் தினமும் பார்ப்பதற்குக் காரணம், அது அன்றைய விலை என்பதுதான். கடைக்கும் அதே கதைதான். போன வருட விலையோடு கிடக்கும் வெப்சைட், பூட்டிய கடையின் பெயர்ப்பலகை மாதிரி. இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

வெளியூர்க்காரர் என்றால்...

இளம்பிள்ளைச் சேலைகள் வாட்ஸ்அப், யூடியூப் வழியாகப் பல ஊர்களுக்கும் போகின்றன. சேலை மடித்து அனுப்பத் தோதானது, கெடாது, உடையாது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசிக்கு வடமாநிலங்களில் விரத காலத்தில் நல்ல கிராக்கி உண்டு. நாமக்கல் மாக்கல் சட்டியைத் தேடி வாங்குகிறவர்கள் பெருநகரங்களிலும் இருக்கிறார்கள். ஆனால், வழியில் உடையாதபடி கட்டி அனுப்பத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்படி ஊர்ப் பெயரே விளம்பரமாக இருந்து, பொருளும் பார்சலில் தாங்குமானால் வெப்சைட் பயன் தரும். யார் செய்தது, எந்த ஊர், எப்படிச் செய்தது என்பதை முகம் தெரியாத ஒருவர் நம்புகிற மாதிரி விளக்கமாகச் சொல்ல அங்கே இடம் கிடைக்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பெயர்ப் பதிவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 6,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். கூரியர், பேக்கிங் போக, ஒரு கிலோ நாட்டுச்சர்க்கரைக்கு 15 ரூபாய் மிச்சம் என்றால், செலவை எடுக்கவே வருடத்துக்கு 400 கிலோ விற்க வேண்டும். அதாவது, மாதம் சுமார் 34 கிலோ. அதுவும் கூடுதல் விற்பனையாக இருக்க வேண்டும். வழக்கமாகக் கடைக்கு வருகிறவரே போனில் ஆர்டர் போட்டால் அது இந்தக் கணக்கில் சேராது.

இவற்றில் கவனம் தேவை

• வெப்சைட் பெயரைக் கடைக்காரர் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். செய்து கொடுப்பவர் தன் பெயரில் பதிந்துவிட்டால், பிறகு அவரிடம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கும். அடுத்த வருடம் புதுப்பிக்க எவ்வளவு ஆகும் என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

• உணவுப் பொருள் விற்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவோ உரிமமோ கட்டாயம். அதன் 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும்.

• வரி உள்ள பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால், விற்பனை குறைவாக இருந்தாலும் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவைப்படும். சில பொருட்களுக்கு விலக்கு உண்டு என்பதால், ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

• யு.பி.ஐ.-யில் பணம் வாங்க ரகசிய எண்ணைப் போடத் தேவையில்லை. ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லி, அந்த எண்ணைப் போடச் சொன்னாலோ ஓ.டி.பி. கேட்டாலோ அது மோசடி.

• கூகுளில் கடையைப் பதிவு செய்யக் கட்டணம் என்று போனில் பணம் கேட்பவரையும் நம்ப வேண்டாம்.

முதலில் ஒரு நோட்டு போதும்

ஆறு மாதத்துக்குக் கடையில் ஒரு நோட்டு வைத்து, புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் ‘எந்த ஊர், கடையைப் பற்றி எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டு எழுதி வரலாம். உள்ளூர்ப் பெயர்களே நிறைந்திருந்தால் மேப்பும் வாட்ஸ்அப்பும் போதும். மிச்சமாகும் பணத்தில் சரக்கு வாங்கிப் போடலாம். சென்னை, கோவை, பெங்களூரு என்று பெயர்கள் கூடிக்கொண்டே போய், அவர்களில் சிலர் இரண்டாம் முறையும் வாங்கியிருந்தால், அப்போது வெப்சைட்டுக்குச் செலவு செய்யலாம்.