ஆகாயத்துக்கு லைசென்ஸ்

காசிமேட்டிலிருந்து புறப்படும் விசைப்படகிலும், இராயபுரத்தை அடுத்த துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குவோர் கையிலும், திருவொற்றியூர், எண்ணூர் ஆலைகளின் காவற்காரர் இடுப்பிலும் ஒரே இனத்துக் கருவி இருக்கிறது. வாக்கி-டாக்கி என்று ஜனங்கள் அதைச் சொல்லுகிறார்கள். சட்டத்தின் பார்வையில் அது ஒரு சிறு ரேடியோ நிலையமே. சொந்தத் தொழிலுக்காக இத்தகைய நிலையம் வைத்துக்கொள்ள யாருக்கு, எந்த நிபந்தனையின் பேரில் சர்க்கார் அனுமதி அளிக்கவேண்டும் என்பதே நாம் இன்று ஆராய விரும்பும் விஷயம்.

லைசென்ஸே வேண்டாமென்று வாதிப்பவர் உளர். அவர்களுடன் நாம் சேரோம். ஒரே அலையில் இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் பேச்சும் கெடும். பாரம் அந்தரத்தில் தொங்கும்போது ‘நிறுத்து’ என்ற சொல் காதில் விழாமற் போனால், கீழே நிற்கும் தொழிலாளியின் கதி என்ன? கப்பல்களின் அபாயக் குரலுக்கென உலக முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ள 156.8 மெகாஹெர்ட்ஸ் அலையை வீண்பேச்சு அடைத்துக்கொண்டால், மூழ்கும் படகைக் காப்பவர் யார்? ஒழுங்கு அவசியம். வெகுதூரம் எட்டாத சிறு கருவிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையில் 2018ஆம் வருஷத்து விதிகள் விலக்கு அளித்திருப்பதும் நியாயமே.

ஆயினும் இம்முறையின் பிறப்பை நாம் மறக்கலாகாது. கம்பியில்லாத் தந்தி தோன்றுமுன்பே, 1885ல் இயற்றிய தந்திச் சட்டத்தில் அந்நிய சர்க்கார் செய்தித் தொடர்பைத் தன் தனியுரிமையாக்கிக் கொண்டது. 1933ஆம் வருஷத்துச் சட்டமோ அனுமதியின்றிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. 1942 ஆகஸ்டு முதல் நவம்பர் வரையில் பம்பாயில் உஷா மேத்தா முதலியோர் நடத்திய காங்கிரஸ் ரேடியோ, லைசென்ஸ் கேட்டா பேசிற்று? அதற்காக அவர் சிறை புகுந்தார்.

இத்துறையில் நமது நகரம் பின்தங்கியதுமன்று. 1924ல் ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927ல் அது ஓய்ந்தபோது, அதன் கருவியைப் பெற்ற நகரசபை 1930ல் ஒலிபரப்பைத் தொடர்ந்து நடத்திற்று. ஜனங்கள் கையில் ரேடியோ கேடு விளைக்கும் என்போர் இந்தச் சரித்திரத்தைப் படிக்கட்டும்.

ஆகாய அலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பழைய இரு சட்டங்களுக்கும் மாற்றாக 2023ல் தொலைத்தொடர்புச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தின் பெயர் மாறினால் போதுமா? அதிகாரியின் மனோபாவமும் மாறவேண்டாமா? சொத்து பொதுஜனங்களுடையதாயின், அதை அனுபவிப்பவர் பொதுஜனங்களுக்குக் கடமைப்பட்டவரன்றோ?

2023 டிசம்பர் 26ந் தேதி இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. நெடி தாங்காமல் விழித்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரி சேர்ந்தார்கள். அபாயத்தை அண்டை வீட்டாருக்கு மூக்குத்தானா அறிவிக்கவேண்டும்? 2017ல் ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலிலிருந்த குமரி மீனவர்களுக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. கடலோரத்தார் அனைவருக்கும் அது ஒரு பாடம்.

ஆகவே நாம் கோருவன மூன்று. மீனவருக்கும் சிறு தொழிலாளருக்கும் விண்ணப்பமும் விதியும் தமிழில் கிடைக்கவேண்டும். குறித்த காலத்துக்குள் விடையும் வரவேண்டும். ஆலைகளுக்கு அளிக்கும் லைசென்ஸில், அபாயம் நேர்ந்த கணமே அண்டைக் குப்பங்களுக்கு அறிவிக்கவேண்டுமென்ற நிபந்தனை இருக்கவேண்டும். எந்த அலை யார் கையில் இருக்கிறது என்பதை, தேச பாதுகாப்புக்குரியவை நீங்கலாக, ஜனங்கள் அறியப் பிரசுரிக்கவேண்டும்.

ஆகாயத்தைப் பங்கிடும் அதிகாரம் டில்லியில் இருக்கலாம். அதன் கீழே மூச்சு விடுபவர்கள் எண்ணூரில் இருக்கிறார்கள்.