பட்டுத் துணியில் வடிந்த போர்வைகள்

தம்பி மனைவிக்குப் பிரசவம். எங்கள் அம்மா காலமாகிவிட்டாள். அவள் அம்மாவுக்கோ முழங்கால் வலி, விமானம் ஏற முடியாது. "அக்கா, நீ வந்தால்தான் உண்டு" என்று தம்பி போனில் கெஞ்ச, சுக்கு, பெருங்காயம், பிரசவ லேகியம் சகிதம் கிளம்பிவிட்டேன்.

அமெரிக்கா என்றால் வானத்தை முட்டும் கட்டடங்கள் என்றுதானே நாம் நினைக்கிறோம்? தம்பி இருப்பது நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி. மண் பூசிய மாதிரி வீடுகள், வறண்ட பூமி, ராத்திரியானால் பல்லைக் கிட்டும் குளிர். குழந்தை பிறந்த பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு சின்னப் போர்வை கொண்டுவந்து கொடுத்தாள். சிவப்பில் கறுப்பும் வெள்ளையுமாய்ப் படிப்படியாக இறங்கும் டைமண்ட் டிசைன். "அழகாயிருக்கே!" என்றேன். "இது மெஷினில் நெய்தது. டிசைன் மட்டும் நவஹோ பெண்களுடையது" என்று அவள் சொன்னதைத் தம்பி மனைவி தமிழில் சொன்னாள்.

மெஷின் போர்வையே இப்படியென்றால் அசல் எப்படி இருக்கும்? எனக்கு அதே நினைப்பு. மூன்று மாதம் கழிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகலாம் என்றானதும், "அக்கா, சாந்தா ஃபே போகலாம் வாங்க. நான் படித்த காலத்தில் அங்கே ஒரு லைப்ரரியில் ஒன்று பார்த்திருக்கிறேன், உங்களுக்குப் பிடிக்கும்" என்றாள். காரில் ஒரு மணி நேரப் பயணம்.

லைப்ரரி அம்மாள் முதலில் எங்களைக் கை கழுவித் துடைத்துக்கொண்டு வரச் சொன்னாள். என் விரலில் காலையில் தொட்ட மஞ்சள் கறை. சோப்புப் போட்டு இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை! கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன். பெரிய அட்டைப் பெட்டி போன்ற ஒரு உறையை மேஜை மேல் வைத்து, உள்ளிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்து வைத்தாள். மொத்தம் 15 படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு போர்வை. சாயம் கெட்டியாக, கொஞ்சம் மேடாகப் படிந்திருந்தது. போட்டோ மாதிரி வழவழப்பு இல்லை. தொட்டால் கம்பளி குத்தும் என்று தோன்றியது.

இதை அச்சிட்டவர் லூயி யூயிங் என்ற சாந்தா ஃபே ஓவியர். 1930களில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் அரசு பல திட்டங்களைப் போட்டது. ஓவியர்களுக்கும் வயிறு உண்டல்லவா? அவர்களுக்கென்று 1935 முதல் 1943 வரை ஒரு கலைத் திட்டம் நடந்தது. அதில் சம்பளம் வாங்கிய யூயிங், சாந்தா ஃபே மானிடவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்த்து வைத்திருந்த பழைய நவஹோ போர்வைகளைப் பார்த்து, 1940களின் தொடக்கத்தில் இந்தத் தொகுப்பை உருவாக்கினார். தனித்தனித் தாள்கள் என்பதால், பிரித்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது சுலபம். அதனால்தான் முழுத் தொகுப்பாகக் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது என்றாள் அந்த அம்மாள்.

எப்படி அச்சிட்டார்கள் என்கிறீர்களா? நமக்குத் தெரிந்த வேலைதான். மார்கழியில் தகரக் கோல அச்சைத் தரையில் வைத்து மாவைத் தூவித் தேய்க்கிறோமே, துளை உள்ள இடத்தில் மட்டும் மாவு இறங்குகிறதே, அதே சங்கதி. தகரத்துக்குப் பதில் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய பட்டுத் துணி. வேண்டாத இடங்களை அடைத்துவிட்டு, மேலே சாயத்தை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுத்தால், திறந்திருக்கும் இடத்தில் மட்டும் கீழே உள்ள தாளில் சாயம் வடியும். ஒரு நிறத்துக்கு ஒரு திரை. சிவப்பு காய்ந்த பிறகு நீலம், நீலம் காய்ந்த பிறகு கறுப்பு. ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் டிசைன் கோணிவிடும். ஜவுளிக்கடை மஞ்சள் பையும் கல்யாணப் பத்திரிகையும் இன்றைக்கும் பல ஊர்களில் இந்த முறையில்தான் அச்சாகின்றன. இதைச் சொன்னதும் தம்பி மனைவிக்குச் சிரிப்பு. "மஞ்சள் பையா அக்கா!" என்றாள்.

படங்களில் ஒன்றை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அகலம் அதிகம், நீளம் குறைவு. குறுக்கே பட்டைப் பட்டையாகக் கறுப்பும் வெள்ளையும், நடுவில் கருநீலம், சிவப்பு. இதைத் 'தலைவர் போர்வை' என்கிறார்கள். தோளில் போர்த்திக்கொண்டால் முன்பக்கம் இரண்டு ஓரமும் சேர்ந்து டிசைன் பொருந்தும். நவஹோ மக்களில் தலைவர்கள்தான் போர்த்துவார்கள் என்று அர்த்தமில்லை. விலை அதிகம், பக்கத்து இனத்துப் பெரிய மனிதர்கள்தான் வாங்க முடியும், அதனால் அந்தப் பெயர்.

நெய்தது பெண்கள். ஆட்டை வளர்த்து, ரோமம் கத்தரித்து, சிக்கெடுத்து, தக்ளி மாதிரி ஒரு கதிரைத் தொடை மேல் உருட்டி நூற்று, நிற்க வைத்த தறியில் நெய்வார்கள். காகிதத்தில் வரைந்து வைத்துக்கொள்வது கிடையாது. டிசைன் முழுக்க மனசில். நெய்யக் கற்றுக் கொடுத்தவள் 'சிலந்திப் பெண்' என்ற தெய்வம் என்பது அவர்கள் நம்பிக்கை. (ஒட்டடை அடிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அவள் ஞாபகம் வந்துவிடுகிறது!)

அந்தச் சிவப்பு இருக்கிறதே, அதற்கு ஒரு கதை. அவர்களிடம் நல்ல சிவப்புச் சாயம் கிடையாது. வியாபாரிகள் கொண்டுவந்த சிவப்புக் கம்பளித் துணியை வாங்கி, இழை இழையாகப் பிரித்து, அந்த நூலைக் கொண்டு மறுபடி நெய்தார்கள். சில பழைய போர்வைகளின் சிவப்பைச் சோதித்துப் பார்த்ததில், அது அரக்குச் சாயம் என்று தெரிந்திருக்கிறது. நம் நாட்டுக் காடுகளிலும் விளைகிறதே, அதே அரக்கு!

இவ்வளவு நேரம் ரசித்தவள், "இதை நெய்தது யார்? பெயர் எங்கே?" என்று கேட்டேன். அந்த அம்மாள் தாளைத் திருப்பிக் காட்டினாள். அச்சிட்டவர் பெயர் தெரியும், போர்வை எந்த இடத்துச் சொத்து என்று தெரியும். நெய்தவள் பெயர் தெரியாது. சேகரித்தவர்கள் அன்றைக்குக் கேட்டு எழுதி வைக்கவில்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நான் பின்னிய ஒயர் கூடையைப் பார்த்து வீட்டுக்கு வந்தவர்கள், "எந்தக் கடையில் வாங்கினது?" என்று என் எதிரிலேயே என் கணவரிடம் கேட்டதுண்டு. அதற்கே முகம் சுண்டினவள் நான்.

அந்தப் பெண்கள் பட்ட பாடும் கொஞ்சநஞ்சமல்ல. 1864-ல் அமெரிக்க ராணுவம் அவர்கள் வயல்களை எரித்து, ஆடுகளைக் கொன்று, எண்ணாயிரம் பேருக்கு மேல் பல நூறு கிலோமீட்டர் நடத்தியே கொண்டுபோய் ஒரு வெட்டவெளியில் அடைத்து வைத்தது. கைக்குழந்தைக்காரிகளும் அந்தக் கூட்டத்தில் நடந்தார்கள். நான்கு வருஷம் கழித்து, 1868-ல் ஒப்பந்தம் போட்டு ஊருக்கு அனுப்பியபோது 15,000 ஆடுகள் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்து மறுபடி மந்தை பெருகியது, தறி எழுந்தது.

பிறகு 1930களில், மேய்ச்சலால் மண் அரித்துப் போகிறது என்று சொல்லி, அதே அரசு மந்தைகளைக் குறைக்க உத்தரவு போட்டது. ஆட்டுக்குச் சொந்தக்காரிகள் பெண்கள்தான். அவர்களைக் கலந்து பேசவில்லை. பல இடங்களில் ஆடுகளைச் சுட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். கணக்கைப் பாருங்கள்: ஒரு கையால் ஓவியருக்குச் சம்பளம் கொடுத்துப் போர்வையைப் படமாக அச்சிடச் சொன்ன அரசு, அதே பத்து வருஷத்துக்குள் இன்னொரு கையால் போர்வைக்கு ரோமம் கொடுத்த ஆட்டை அழித்தது. யூயிங்கை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறார். அந்தப் படங்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவள் மஞ்சள் கையோடு இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்திருக்க முடியுமா? ஆனாலும் மனசு ஆறவில்லை.

2012-ல் கலிபோர்னியாவில் ஒரு பழைய தலைவர் போர்வை 18 லட்சம் டாலருக்கு ஏலம் போனதாம். அதை நெய்தவள் பெயரும் யாருக்கும் தெரியாது.

நல்ல சேதியும் உண்டு. 'சுரோ' என்கிற அந்தப் பழைய ஆட்டினம் 1970களில் சில நூறாகச் சுருங்கிப் போயிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு குறைந்த, நீளமான ரோமம் அதற்கு. தண்ணீர் அரிதான ஊரில் அதிகம் அலசாமலே நூற்கலாம். லைல் மெக்நீல் என்ற பேராசிரியர் 1977-ல் மிஞ்சிய ஆடுகளைத் தேடிப் பிடித்துப் பெருக்க ஆரம்பித்து, நவஹோ குடும்பங்களுக்கே திரும்பச் சேர்க்கும் வேலையைத் தொடங்கினார்.

லைப்ரரியிலிருந்து வெளியே வந்ததும் கடைத்தெருவில் ஒரு கம்பளக் கடைக்குள் நுழைந்தோம். சுவரெல்லாம் கையால் நெய்த விரிப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு கட்டியிருந்தது. அதில் நெய்தவளின் பெயர், ஊர், சிலவற்றில் அவள் போட்டோகூட. முழங்கால் உயரத் தறி முன்னால் பேரக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு விலையைக் கேட்டேன். தம்பி மூன்று மாத வீட்டு வாடகை என்றான். ஒரு நூல்கண்டு மட்டும் வாங்கிக்கொண்டேன், ஆட்டின் இயற்கையான பழுப்பு நிறத்தில்.

"அதை வச்சு என்னக்கா பண்ணப் போறே?" என்றான் தம்பி, காரைக் கிளப்பிக்கொண்டே.

"மோந்து பாருடா, ஆட்டு வாசனை இன்னும் இருக்கு" என்று அவன் மூக்கருகே நீட்டினேன். குழந்தை மெஷின் போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.