மணிக்கு முதல் பந்தி!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும், முதலில் வந்து நம்மை விசாரிப்பது ஒரு நாய்தான். பெயர் பெரும்பாலும் மணி. இல்லாவிட்டால் கருப்பன், டைகர், டாமி. பார்ப்பது வாட்ச்மேன் உத்தியோகம். இருபத்துநாலு மணி நேர டியூட்டி. பி.எஃப்., போனஸ், கேஷுவல் லீவ்... ம்ஹூம்! சம்பளம்? ராத்திரி சட்டியில் மிஞ்சுகிற குழம்புச் சோறு.

சிக்கலே அந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறது, பிரதர்!

"ஏய்யா, மிச்சம் கிடக்கிறதை நாய்க்கு ஊத்திட்டு வா" என்கிறார் அம்மா. நாமும் புண்ணியக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு ஊற்றிவிட்டு வருகிறோம். அந்தக் குழம்பில் என்னென்ன இருக்கிறது? சின்ன வெங்காயம், பூண்டு, புளி. நமக்கு நாக்கில் நீர் ஊற வைக்கிற இந்த மூன்றுமே நாய்க்கு ஆகாத சரக்கு.

முதலில் வெங்காயம். இதிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். உடல் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு ஒரே நேரத்தில் உள்ளே போனாலே ஆபத்து. பத்து கிலோ நாய்க்கு 50 கிராம். அதாவது, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம்! கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடி பண்ணினாலும் அந்தக் குணம் போகாது.

பூண்டு இதே குடும்பம்தான். வீரியம் இன்னும் ஜாஸ்தி. "ரெண்டு பல்லு பூண்டைக் குடு, வயித்துப் பூச்சியெல்லாம் விழுந்துரும்" என்று யோசனை சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். கேட்காதீர்கள். பூச்சிக்கு மாத்திரை இருக்கிறது; நாயின் எடை பார்த்து கால்நடை டாக்டர் கொடுப்பார்.

இதில் பெரிய கொடுமை, தின்ற அன்றைக்கு ஒன்றுமே தெரியாது. நாலைந்து நாள் கழித்துத்தான் நாய் சுருண்டு படுக்கும். மூச்சிரைக்கும். ஈறு வெளுக்கும். சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். 'வெயில் ஒத்துக்கலை' என்று நாம் விட்டுவிடுவோம். விடக் கூடாது ஸார், உடனே டாக்டர்!

அடுத்தது புளி. திராட்சை தின்ற நாய்களுக்குக் கிட்னி கெட்டுப்போவது பல வருஷமாகத் தெரிந்த சங்கதி. எதனால் என்பதுதான் புதிராக இருந்தது. டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று 2021-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சொன்னார்கள். அடுத்த வருஷமே, புளி தின்ற நாய்களுக்கும் கிட்னி பாதிக்கப்பட்டதை எழுதினார்கள். புளியில் அந்த அமிலம் ஏராளம். மீதி ரசத்தை ஊற்றி எதற்கு வம்பு?

சரி, அடுக்களையில் எதுதான் கொடுக்கலாம்?

நம்ம கரிசல் காட்டில் மானாவாரியாக விளைகிற மல்லி இருக்கிறதே, அதன் தழையை ஒரு சிட்டிகை கிள்ளிப் போடலாம். துளசி இரண்டு இலை, மஞ்சள் பொடி ஒரு சிட்டிகை, பரவாயில்லை. புதினா ஓரிரு இலையோடு நிறுத்துங்கள், அதிகமானால் வாந்தி. சளிக்கு நாம் கஷாயம் போடும் கற்பூரவல்லியும், வாசலில் வளரும் சோற்றுக்கற்றாழையும் கூடவே கூடாது. வாந்தி, பேதி நிச்சயம். பிரியாணிக்குப் போடும் ஜாதிக்காய்க்கும் நோ!

மூலிகை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வெறும் சோறு, அவித்த முட்டை, எலும்பு நீக்கி வேகவைத்த கறி... மணிக்கு அதுவே விருந்து. கம்பங்கூழ் ஊற்றினால் கூழோடு நிறுத்துங்கள். கடித்துக்கொள்ளும் வெங்காயம் உங்களுக்கு மட்டும். இதே ஜில்லாவின் ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் இலாகா ஸ்டாம்ப்பே போட்டது. ஸ்டாம்ப் போட்ட ஜாதியானாலும், தெருவோர மணியானாலும் ரத்தம் ஒன்றுதான். வெங்காயம் செய்கிற வேலையும் ஒன்றுதான்.

செலவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. அதற்கும் திருச்சுழியோடு சம்பந்தம் உண்டு. 1879 டிசம்பர் 30-ல் அங்கே பிறந்த வேங்கடராமன்தான் பின்னாளில் ரமண மகரிஷி. திருவண்ணாமலை ஆசிரமத்தில் முதல் சாப்பாடு நாய்களுக்கு, அப்புறம் பிச்சைக்காரர்களுக்கு, கடைசியில்தான் பக்தர்களுக்கு என்பது அவர் வகுத்த வரிசை. ஜாக்கி என்ற நாய்க்கு அங்கே சமாதியே இருக்கிறது.

ஆன்மிகத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்த வரிசையில் வைத்தியம் இருக்கிறது. மிஞ்சினதைக் கடைசியில் கொடுத்தால் வெங்காயமும் புளியும் சேர்ந்தேதான் போகும். முதலிலேயே கொடுத்தால்? சோறு வடித்தவுடன், குழம்பு பக்கம் போகிறதுக்கு முந்தி, இரண்டு கரண்டி தனியாக எடுத்து ஆற வைத்துவிடுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

"அப்போ மிஞ்சின குழம்பை என்ன பண்றது?" என்கிறீர்களா? காலையில் இட்லிக்கு நீங்களே ஊற்றிக்கொள்ளுங்கள், ஸார். உங்களுக்கு ஒன்றும் செய்யாது!