சூடான காற்றைப் பெட்டியில் அடைத்தவர்

இலங்கையில் கச்சான் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது நிலக்கடலை. ஊவாவின் தேயிலைத் தொழிலில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று. தென்மேற்குப் பருவமழை மத்திய மலைகளின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டித் தீர்ந்துவிட, ஈரமிழந்த காற்று மட்டும் அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கம் இறங்குகிறது. தண்ணீருக்குத் தவிக்கும் செடியில் மெத்தில் சாலிசிலேட் என்னும் வாசனைப் பொருள் கூடுகிறது. தலைவலித் தைலங்களில் மணப்பதும் அதுதான். ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் பெயரெடுத்தது இந்த மணத்தால்.

தோட்டத்தில் மட்டுமல்ல, ஸ்டோருக்குள்ளும் காற்றுக்குத்தான் வேலை அதிகம். தேயிலைத் தொழிற்சாலைக்கு மலையகத்தில் ஸ்டோர் என்றே பெயர். பறித்த கொழுந்தைக் காற்றில் வாட்டுவார்கள். பிறகு ரோலரில் போட்டு உருட்டிக் கசக்கிச் சலிப்பார்கள். சல்லடையில் இறங்குவது முதலாம் தூள், இரண்டாம் தூள். கசங்கிய இலையின் சாறு காற்றுப்பட்டுச் செம்பு நிறமாகும். சாயமும் சுவையும் அப்போதுதான் பிறக்கின்றன. சரியான நேரத்தில் அதைச் சூட்டால் நிறுத்தாவிட்டால் தூள் கெட்டுவிடும்.

நிறுத்துவது எப்படி என்பதில்தான் ஒரு காலத்தில் சிக்கல். கரியடுப்பின் மேல் தட்டுகளை வைத்து, ஆட்கள் கையால் கிளறி உலர்த்தினார்கள். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் ஈரமாகவே கிடக்கும், புகைவாடையும் ஏறும்.

1864இல் அஸ்ஸாமின் கச்சார் தோட்டங்களுக்கு வேலை பழக வந்த பதின்பருவ இளைஞர் சாமுவேல் கிளீலண்ட் டேவிட்சன் இதைக் கண்டார். 1846இல் அயர்லாந்தில் பிறந்தவர் அவர். நெருப்பை இலைக்கு அருகில் கொண்டுபோகாமல், அடுப்பில் காற்றைச் சூடாக்கி, அந்தச் சுத்தமான காற்றை மட்டும் தட்டுகளின் ஊடே செலுத்தினார். புகை தனிப் புகைபோக்கி வழியே வெளியேறிவிடும். சகாராவிலிருந்து வீசும் வெப்பக்காற்றின் பெயரையே இயந்திரத்துக்குச் சூட்டினார்: சிராக்கோ. கச்சானுக்கு ஆபிரிக்கச் சொந்தம்!

1881இல் அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் சிராக்கோ தொழிற்சாலையைத் தொடங்கினார். இலங்கையில் நோயால் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்த காலம் அது. தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்ன தொழிற்சாலையைக் கட்டியது 1890இல்.

இன்றைய டிரையர்களிலும் தத்துவம் அதேதான். பாதிக்குப் பாதி ஈரத்துடன் உள்ளே போகும் தூள், சுமார் இருபது நிமிடத்தில் மூன்று சதவீத ஈரத்துடன் வெளியே வரும். சூடு மிஞ்சினால் மேற்பரப்பு இறுகி உள்ளே ஈரம் தங்கிவிடும். குறைந்தாலோ தூள் வேகும், உலராது. இப்படிக் கிடைக்கும் ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து தேவை.

காற்றை வேகமாகத் தள்ளும் முயற்சி டேவிட்சனை விசிறிக்கு இட்டுச் சென்றது. 1898இல் அவர் காப்புரிமை பெற்ற சுழல்விசிறி, பின்னர் சுரங்கங்களுக்கும் கப்பல்களுக்கும் காற்று கொடுத்தது. 1921இல் சேர் பட்டம் பெற்றவர், அதே ஆண்டு காலமானார்.

இப்போது கொழுந்து வாட்டும் நீண்ட தொட்டிகளிலும் விசிறிகள்தான் ஓடுகின்றன. மழை மாதங்களில் அந்தக் காற்றோடு அடுப்பின் சூட்டையும் கலக்க வேண்டியிருக்கும். கச்சான் வீசும் நாட்களில் விசிறி மட்டுமே போதும்.