இளையோர் விளையாட்டுப் பயிற்சியில் அவசரகாலச் செயல்திட்டம்

அவசரகாலச் செயல்திட்டம் என்பது பயிற்சியிலோ போட்டியிலோ ஒருவருக்குக் கடுமையான காயமோ உடல்நலக் குறைவோ நேரும்போது யார், எதை, எந்த வரிசையில் செய்வது என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துப் பழகிக்கொள்ளும் ஏற்பாடு ஆகும். மலைநாடுகளில் சிறுவர்களுக்குப் பனிச்சறுக்குப் பயிற்சி தருபவர்கள் இதைப் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கற்கின்றனர். பனியே பெய்யாத நெய்வேலியிலும் கபடி, கைப்பந்து, வளைகோற்பந்து, துடுப்பாட்டம், தடகளம் ஆகியவற்றைச் சிறுவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்றுநருக்கு இதன் தேவை குறைவில்லை. கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்கு அடுத்த பண்ருட்டியின் அருகே, 2022 சூலையில் நடந்த கபடிப் போட்டி ஒன்றில் பாடிச் சென்ற கல்லூரி மாணவர் ஒருவர் களத்திலேயே சரிந்து உயிரிழந்தார்.

நெய்வேலியின் பின்னணி

நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தொடங்கப்பட்டது. இன்று என்.எல்.சி. இந்தியா நிறுவனம் எனப்படும் இதன் ஊழியர்களுக்காக அமைக்கப்பட்ட நகரியம் எண்ணிடப்பட்ட வட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பாரதி விளையாட்டரங்கமும் பள்ளி மைதானங்களும் நிறுவனத்தின் பொது மருத்துவமனையும் நகரியத்துக்குள்ளேயே உள்ளன. மருத்துவமனை இவ்வளவு அருகில் இருப்பது பல ஊர்களுக்குக் கிட்டாத வசதி.

பாதுகாப்புப் பழக்கமும் இவ்வூருக்குப் புதிதன்று. சுரங்கங்களில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர்களும் முதலுதவிப் பொருட்களும் இருக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் கூறுகின்றன. பெற்றோர் வேலைசெய்யும் இடத்தில் இருக்கும் அந்த ஏற்பாடு, மாலையில் பிள்ளைகள் ஓடியாடும் மைதானத்தில் பெரும்பாலும் பயிற்றுநரின் தனிப்பட்ட அக்கறையை நம்பியே இருக்கிறது.

திட்டத்தில் இருக்க வேண்டியவை

நல்ல திட்டம் ஒரு பக்கத்துக்குள் அடங்கும். காயமுற்றவருடன் இருப்பவர் யார், 108-ஐ அழைப்பவர் யார், நுழைவாயிலில் நின்று வண்டிக்கு வழிகாட்டுபவர் யார், மற்றப் பிள்ளைகளை அப்பால் அழைத்துச் செல்பவர் யார் என்பதைப் பெயர் குறித்து எழுத வேண்டும். பயிற்றுநர் ஒருவரே இருக்கும் இடங்களில் மூத்த மாணவர்கள் இருவருக்கு இப்பொறுப்பைக் கொடுத்துப் பழக்கலாம். பூட்டியிருக்கும் வாயிற்கதவின் சாவி யாரிடம் உள்ளது என்பதும் அதில் இருக்க வேண்டும். சிறிய செய்தியாகத் தோன்றும் இதுவே பல இடங்களில் நேரத்தை விழுங்குவது.

108 அவசர ஊர்திச் சேவை தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்குகிறது. அழைப்பை எடுப்பவர் அந்த ஊர்க்காரர் அல்லர். "நெய்வேலியில் கிரவுண்டுல" என்றால் அவருக்கு எதுவும் புரியாது. கடலூர் மாவட்டம், நெய்வேலி நகரியம், வட்ட எண், மைதானத்தின் பெயர், ஆர்ச் கேட் வழியாக வருவதா வேறு வழியா என்பன அடங்கிய இரண்டு வரிகளை அட்டையில் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைப்பது நல்லது. பதற்றத்தில் இருப்பவர் அதைப் பார்த்துப் படித்தாலே போதும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் இருவரின் தொலைபேசி எண், மூச்சிரைப்பு, வலிப்பு, இதயக் குறைபாடு, மருந்து ஒவ்வாமை பற்றிய குறிப்பு ஆகியவை பயிற்றுநரிடம் இருக்க வேண்டும். சுரங்கத்திலோ அனல் மின் நிலையத்திலோ பணிமுறையில் இருக்கும் தந்தை உடனே தொலைபேசியை எடுக்க இயலாது என்பதால் இரண்டாவது எண் இங்கு மிகவும் தேவை.

திடீர் இதய நிறுத்தம்

ஆடிக்கொண்டிருக்கும்போது யாரும் இடிக்காமலேயே ஒருவர் சரிந்து, கூப்பிட்டால் பதில் தராமல், இயல்பாக மூச்சு விடாமல் இருந்தால் அதை இதய நிறுத்தம் என்றே கொள்ள வேண்டும். மார்பில் பந்தோ முழங்காலோ பலமாகப் படும் கணத்திலும் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். விட்டுவிட்டு வரும் கொர்ரென்ற மூச்சைப் பலர் உயிர்மூச்சு என எண்ணி ஏமாறுகின்றனர். முகத்தில் தண்ணீர் தெளித்தும் உள்ளங்காலைத் தேய்த்தும் பார்ப்பதில் முதல் நிமிடங்கள் போய்விடுகின்றன.

செய்ய வேண்டியது நெஞ்சழுத்தம். மார்பின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பதின்ம வயதினருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பயிற்சி பெற்றவர் 30 அழுத்தங்களுக்கு 2 முறை மூச்சூதலாம். ஏ.இ.டி. எனப்படும் தானியங்கி அதிர்வுக் கருவி அருகில் இருந்தால் உடனே பொருத்த வேண்டும். அது தானே பேசி வழிநடத்தும். அதிர்வு கொடுப்பது தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும், நெஞ்சழுத்தமும் இல்லையெனில், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. 2021 சூன் 12 அன்று கோபன்கேகனில் பின்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சரிந்த டென்மார்க்குக் கால்பந்து வீரர் கிறித்தியன் எரிக்சன், களத்திலேயே நெஞ்சழுத்தமும் அதிர்வும் பெற்றதால் பிழைத்து, அடுத்த ஆண்டே ஆட்டத்துக்குத் திரும்பினார்.

வெயில்

கோடைப் பயிற்சி முகாம்கள் நடப்பது ஏப்ரல், மே மாதங்களில். கத்திரி வெயிலும் அப்போதுதான். காலை 6 முதல் 8 வரையும் மாலை 5-க்குப் பிறகும் பயிற்சியை வைத்துக்கொள்வதே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடும். தசைப்பிடிப்பு, களைப்பு, குமட்டல் கண்டால் நிழல், நீர், உப்பிட்ட மோர் அல்லது ஓ.ஆர்.எஸ். கரைசல் போதுமானவை.

உளறல், தள்ளாட்டம், காரணமற்ற கோபம் ஆகியவை தோன்றினால் அது வெப்பத்தாக்கு. உடல் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டியிருக்கும். வெப்பத்தாக்கு வந்தவருக்கு வியர்க்காது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. கடும் உழைப்பால் வரும் வகையில் வியர்த்துக்கொண்டே இருக்கலாம். இங்கு முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகே கொண்டுசெல்ல வேண்டும். 108-ஐ அழைத்துவிட்டு, தலையை மட்டும் வெளியே தாங்கிப் பிடித்து, கழுத்துவரை குளிர்ந்த நீர்த்தொட்டியில் இருத்துவது மிகச் சிறந்த முறை. தொட்டி இல்லையேல் குழாய் நீரைத் தொடர்ந்து ஊற்றி, பனிநீரில் நனைத்த துண்டுகளை மாற்றி மாற்றிப் போர்த்தி விசிற வேண்டும். நினைவு தெளியாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கடையிலிருந்து வாங்கிவைத்த ஒரு பெட்டி பனிக்கட்டி, விலையுயர்ந்த வலிநீக்கித் தெளிப்பான்கள் பலவற்றைவிட முகாமுக்குப் பயன்படும்.

தலை, கழுத்துக் காயங்கள்

தலையில் அடிபட்டபின் மயக்கம், குழப்பம், தலைவலி, வாந்தி, மங்கலான பார்வை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்தது. "ஒண்ணுமில்ல சார், ஆடுறேன்" என்று பிள்ளை சொல்வதை ஏற்கக்கூடாது. ஆடும் ஆசை அப்படித்தான் பேசும். வாந்தி தொடர்ந்தாலோ தலைவலி கூடினாலோ தூக்கக் கலக்கம் மிகுந்தாலோ தாமதமின்றி மருத்துவமனை. ஆத்திரேலிய வீரர் பிலிப் இயூசு 2014 நவம்பரில் பந்து கழுத்தில் பட்டு இறந்தபின் துடுப்பாட்டத்தில் இதுபற்றிய கவனம் கூடியது. 2019 ஆகத்து முதல் தலை அதிர்ச்சிக்கு மாற்று வீரரைப் பன்னாட்டு ஆட்டங்களில் இறக்கலாம்.

கபடியில் பலர் மேலே விழுந்து ஒருவர் அடியில் சிக்கியபின் கழுத்து வலி, கைகால் மரத்தல் இருந்தால் அவரைத் தூக்கி நிறுத்தக்கூடாது. கைகளால் தலையை அசையாமல் பிடித்தபடி ஊர்திக்குக் காத்திருக்க வேண்டும். இருசக்கர வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுசெல்வது முதுகுத்தண்டுக்கு மீளாத கேட்டைத் தரலாம்.

களத்தில் காணப்படும் தவறான வழக்கங்கள்

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. சுற்றிலும் உள்ள பொருட்களை அகற்றி, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் ஊர்தி தேவை. இரத்தம் கசியும் காயத்தில் காப்பித்தூள் அப்புவதற்குப் பதில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். மூக்கில் இரத்தம் வந்தால் தலையைப் பின்னே சாய்ப்பது தவறு. முன்குனிந்து, மூக்கின் மென்பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். கணுக்கால் பிசகியவுடன் எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பது வீக்கத்தைக் கூட்டும். எலும்பு முறிந்ததாக ஐயம் இருந்தால் நாட்டுக் கட்டுக்குச் செல்லுமுன் ஊடுகதிர்ப் படம் எடுத்துவிட வேண்டும். வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் உள்ள வளர்தட்டு சிதைந்தால் கை, கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும் என்பதால் இதில் அலட்சியம் ஆகாது. முழுதாகப் பெயர்ந்த நிலைப்பல்லை வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேர்த்தால் திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு.

இடி, மின்னல்

இடியோசை கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திக் கட்டடத்துக்குள் செல்ல வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே களம் திரும்பலாம். நகரியத்தில் மரங்கள் அடர்ந்திருப்பதால் மழைக்கு மரத்தடியில் ஒதுங்கும் பழக்கம் இங்கு இயல்பாக வரும். மின்னலின்போது அது மிகவும் ஆபத்தானது. மின்னல் தாக்கியவர் உடலில் மின்சாரம் தங்காது. தயங்காமல் தொட்டு நெஞ்சழுத்தம் தரலாம்.

ஒத்திகையும் பதிவும்

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒருமுறை, அறிவிக்காமல், ஒரு மாணவரைக் கீழே படுக்கச் சொல்லி முழுத் திட்டத்தையும் நடத்திப் பார்க்கலாம். அழைப்பட்டை கிடைத்ததா, கதவு திறந்ததா, முதல் அழுத்தம் எத்தனை நொடியில் தொடங்கியது என்பவற்றை வேறொருவர் கடிகாரத்துடன் குறிக்க வேண்டும். உண்மையில் காயம் நேர்ந்தால் நேரம், நேர்ந்த விதம், செய்த உதவி ஆகியவற்றை அன்றே எழுதி ஒரு படியைப் பெற்றோரிடம் தர வேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை மருத்துவரின் எழுத்துச் சான்றுடன் வந்தபின், முதலில் நடை, பிறகு ஓட்டம், பிறகு மோதலற்ற பயிற்சி எனப் படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டு ஆட்டத்துக்குத் திரும்பலாம்.