வெளிநாட்டில் பழுதாகும் கைப்பேசி: விலையைக் கேட்கும் முன் பொருளைக் கேட்க வேண்டும்

பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, வரைபடம், வங்கியிலிருந்து வரும் ஓடிபி, வீட்டாருடன் பேச உதவும் வாட்ஸ்அப் என எல்லாமே ஒரே கருவிக்குள் அடங்கிவிட்ட இக்காலத்தில், அயல்நாட்டுப் பயணத்தின் நடுவே அக்கருவி கீழே விழுந்து உடைந்தால், பயணி முதலில் இழப்பது நிதானத்தைத்தான். விடுதிக்கு அருகில் கண்ணில் பட்ட கடையில் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு, கேட்ட தொகையை எண்ணி வைத்துவிட்டு வருவது அந்தப் பதற்றத்தின் விளைவே. சிங்கப்பூர், கோலாலம்பூர், பேங்காக் போன்ற நகரங்களின் சிறு கடைகளில் கைப்பேசியைப் பழுது பார்ப்பதற்கான செலவில் கூலி சிறு பங்குதான். பெரும்பங்கு மாற்றப்படும் உதிரிபாகத்தின் விலை. ஒரே மாடலுக்கு ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த இரு கடைகள் வெவ்வேறு விலை சொல்வதற்குக் கடைக்காரரின் பேராசை மட்டுமே காரணமாக இருக்க வேண்டியதில்லை. இருவரும் பொருத்த நினைக்கும் திரைகளே வேறு வேறாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை அறிந்து பேசும் பயணிக்கே நியாயமான விலை கிடைக்கிறது.

கடைக்குப் போகும் முன்

பழுது எனத் தோன்றுவன எல்லாம் பழுது அல்ல. சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்கு வரும் கைப்பேசிகளில் பலவற்றின் சார்ஜிங் துளைக்குள், சட்டைப்பையின் நூல்துகள் நாளடைவில் அமுங்கிக் கெட்டியாகி, கேபிளின் முனை முழுதாக உள்ளே செல்லவிடாமல் தடுத்துக்கொண்டிருக்கும். கைப்பேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் அத்துகளை மெல்ல வெளியே எடுத்தாலே போதும். உலோக ஊசி உள்ளிருக்கும் மின்தொடுமுனைகளைக் கீறிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

திரை தெரிந்தும் தொடுதல் வேலை செய்யாத நிலையில், பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளை ஓடிஜி எனப்படும் சிறிய இணைப்பி வழியாக, கணினிக்குப் பயன்படும் சாதாரண மவுஸைக் கொண்டே இயக்கலாம். இணைத்தவுடன் திரையில் அம்புக்குறி தோன்றும். அதைக் கொண்டு பூட்டைத் திறந்து, தகவல்களைப் பாதுகாப்பாகப் படியெடுத்து, தேவையான பயணச்சீட்டுகளை மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொள்ளலாம். நாடு திரும்ப ஓரிரு நாட்களே எஞ்சியிருந்தால், இந்த ஏற்பாடு பழுதுபார்க்கும் செலவையே தள்ளிப்போட உதவும்.

தண்ணீரில் விழுந்த கைப்பேசியை அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தை ஆப்பிள் நிறுவனமே தன் வழிகாட்டுதலில் வேண்டாமென்கிறது. அரிசியின் நுண்துகள்கள் உள்ளே புகுந்து மேலும் கேடு செய்யக்கூடும். துளை கீழ்நோக்கியிருக்குமாறு பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி நீரை வெளியேற்றி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, நன்கு உலரும் வரை சார்ஜ் போடாதிருப்பதே முறை.

இவற்றுக்கு மாறாக, ஒரு பழுதைத் தள்ளிப்போடவே கூடாது. பேட்டரி உப்பிப் பின்மூடியையோ திரையையோ தூக்கியிருந்தால், அந்தக் கைப்பேசியைச் சார்ஜ் செய்வதையும் பயன்படுத்துவதையும் உடனே நிறுத்த வேண்டும். சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளை விமானத்தில் கொண்டுசெல்ல அனுமதியில்லை. 2016இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 மாடலின் பேட்டரிகள் தீப்பற்றியதைத் தொடர்ந்து, அமெரிக்க அரசு அந்த மாடலை விமானங்களிலிருந்தே விலக்கி வைத்தது. ஆகவே உப்பிய பேட்டரியை மாற்றும் செலவைப் பயணத்தின் தவிர்க்க முடியாத செலவாகவே கொள்ள வேண்டும்.

திரைகளின் தரம்

பயணிகள் அதிகம் எதிர்கொள்வது திரை உடைவதையே. தமிழ்நாட்டுக் கடைகளில் ‘காம்போ’ என்று வழங்கும் திரைத்தொகுதி, மேலுள்ள கண்ணாடி, தொடுதலை உணரும் அடுக்கு, படத்தைக் காட்டும் பலகம் ஆகிய மூன்றும் ஒட்டப்பட்ட ஒரே பொருள். சந்தையில் இது பொதுவாக நான்கு தரங்களில் கிடைக்கிறது.

முதலாவது, கைப்பேசி நிறுவனமே தன் சேவை மையங்களுக்கு வழங்கும் புதிய திரை. சாம்சங் கைப்பேசிகளுக்கு இது பெரும்பாலும் சட்டகத்தோடு சேர்ந்து, ‘சர்வீஸ் பேக்’ என்ற பெயரில் விற்கப்படுகிறது. இரண்டாவது, புதுப்பிக்கப்பட்ட அசல் திரை. மேல்கண்ணாடி மட்டும் நொறுங்கி, உள்ளிருக்கும் பலகம் பழுதின்றி இருந்தால், கண்ணாடியைப் பிரித்தெடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் பசைப்படலத்தின் உதவியால் புதிய கண்ணாடியை ஒட்டி இதை உருவாக்குகிறார்கள். மூன்றாவது, வேறு தொழிற்சாலைகள் தயாரிக்கும் ஓஎல்ஈடி திரை. இதன் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். நான்காவது, ஓஎல்ஈடி இருந்த இடத்தில் பொருத்தப்படும் எல்சிடி திரை. இதற்குப் பின்னாலிருந்து ஒளியூட்டும் விளக்கு தேவைப்படுவதால் பலகம் தடிக்கிறது, கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரிகிறது, பேட்டரியும் விரைவில் தீர்கிறது. திரைக்கு அடியிலிருந்து விரல்ரேகையைப் படிக்கும் கைப்பேசிகளில் இத்தகைய எல்சிடியைப் பொருத்தினால், பெரும்பாலும் அந்த வசதியும் போய்விடும். விரல்ரேகையால் வங்கிச் செயலியைத் திறந்து பழகியவர் இந்த இழப்பை, விலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் தரத்திலிருந்து பயணிக்கு ஒரு பேரம் கிடைக்கிறது. புதுப்பிக்கும் தொழிலுக்குக் கண்ணாடி மட்டும் உடைந்த அசல் திரைகளே மூலப்பொருள் என்பதால், படம் தெளிவாகத் தெரியும் பழைய திரைக்குச் சந்தையில் விலை உண்டு. பல கடைகள் அதைக் கேட்காமலேயே வைத்துக்கொள்கின்றன. பழைய திரையைத் திருப்பித் தருமாறும், இல்லையேல் அதன் மதிப்பைக் கட்டணத்தில் கழிக்குமாறும் முன்கூட்டியே கேட்பது முற்றிலும் நியாயமானது.

கடைகள் குவிந்த இடங்கள்

நியாயமான விலை கிடைப்பது போட்டி மிகுந்த இடத்தில்தான். பேங்காக்கில் 1985இல் திறக்கப்பட்ட எம்பிகே சென்டரின் நான்காம் தளம் கைப்பேசிக் கடைகளால் நிறைந்தது. நேஷனல் ஸ்டேடியம் வான்வழி ரயில் நிலையத்திலிருந்து நடைபாலம் வழியாகவே அதனுள் நுழையலாம். கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பகுதியிலுள்ள லோயாட் பிளாசாவும், ஹாங்காங்கில் மோங்காக் பகுதியிலுள்ள சின் தாட் பிளாசாவும் இவ்வகையைச் சேர்ந்தவை. சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர், தமிழர்கள் ‘தேக்கா’ என்றழைக்கும் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் உள்ளது.

நிறுவனங்கள் சாராத உதிரிபாகங்கள் பெருமளவில் சீனாவின் ஷென்சென் நகரத்து ஹுவாச்சியாங்பெய் சந்தை வழியாகவே ஆசியா முழுவதும் பரவுகின்றன. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் மூன்றாம், நான்காம் தரத் திரைகளும் பேங்காக்கில் கிடைப்பவையும் பெரும்பாலும் ஒரே வழியில் வந்தவை. எனவே அத்தகைய திரைக்கு அயல்நாட்டில் ஊர்விலையை விடப் பெரிதும் கூடுதலாகக் கேட்டால், அது பொருளின் உயர்வால் வந்த விலையன்று. கூலியும் வாடகையும் மிகுந்த மேற்கு ஐரோப்பிய நகரங்களில் மட்டும் இந்தக் கணக்கு மாறுகிறது. அங்கு உழைப்பின் விலையே பில்லைக் கணிசமாக உயர்த்துவதால், தாங்கக்கூடிய பழுதை ஊர் திரும்பும் வரை ஒத்திவைப்பதே பெரும்பாலும் இலாபம்.

கடைமேசையில் கவனிக்க வேண்டியவை

தேர்ந்த பணியாளர் புதிய திரையை உடனே ஒட்டிவிடுவதில்லை. கைப்பேசியின் விளிம்பைச் சூடாக்கிப் பசையை இளக்கி, உறிஞ்சுகுமிழால் பழைய திரையைத் தூக்கி, மெல்லிய தகட்டால் பிரித்தெடுத்த பிறகு, புதிய திரையின் இணைப்பியை மட்டும் மாட்டி, ஒட்டுவதற்கு முன் அதை இயக்கிக் காட்டுவார். சோதனைக்குரிய நேரம் இதுவே. ஒரு செயலியின் சின்னத்தை விரலால் பிடித்துத் திரையின் ஒவ்வொரு மூலைக்கும் இழுத்துச் சென்றால், தொடுதல் செத்த இடங்கள் தெரிந்துவிடும். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்தால் கரும்புள்ளிகள் புலப்படும். யாரையேனும் அழைத்துக் கைப்பேசியைக் காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா என்பதும் விளங்கும். முன்கேமரா, காதொலிப்பான், சார்ஜ் ஏறுதல் ஆகியவற்றையும் அப்போதே பார்த்துவிடலாம். ஒட்டிய பின் குறை கண்டால், மீண்டும் பிரிப்பதில் திரையே உடையும் அபாயமுண்டு.

திருகாணிகளின் ஒழுங்கும் பணியாளரின் திறனைக் காட்டும். ஐபோன்களுக்குள் இருக்கும் திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் நீளத்தில் வேறுபடுபவை. குட்டைத் திருகாணிக்குரிய துளையில் நெட்டையானதை முறுக்கினால், அது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் நுண்தடங்களை அறுத்துவிடும். கழற்றியவற்றைக் காந்தப்பாயில் வரிசைப்படி வைக்கும் கடை நம்பத்தக்கது. ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலக்கும் கடையைத் தவிர்ப்பது நல்லது.

ஐபோன்களில் வேறொரு சிக்கலும் உண்டு. நிறுவனம் தன் உதிரிபாகங்களைக் கருவியோடு இணைத்துப் பதிந்து வைப்பதால், வேறு திரையைப் பொருத்தினால் அசலா எனத் தெரியவில்லை என்ற அறிவிப்பு தோன்றுகிறது. 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2 முதல், எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பதையும் புதிய மாடல்களின் அமைப்புகள் பகுதியிலேயே காணலாம். இந்த அறிவிப்பைத் தவிர்ப்பதற்காகச் சில கடைகள் பழைய திரையின் சில்லைப் பெயர்த்துப் புதியதில் ஒட்டுகின்றன. அறிவிப்பு வரவில்லை என்பது மட்டுமே திரை அசல் என்பதற்குச் சான்றாகாது.

தகவல்களும் சிம்மும்

சிம் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்ட பிறகே கைப்பேசியைக் கொடுக்க வேண்டும். ஓடிபி அந்த எண்ணுக்கே வரும். அட்டையில்லாத இசிம் பயன்படுத்துவோர், தாய்ப்பலகை மாற்றப்பட்டால் இசிம் அழிந்துவிடும் என்பதையும், ஊரிலுள்ள நிறுவனத்திடமிருந்து அதை மீண்டும் பெற அயல்நாட்டிலிருந்தபடி அலைய நேரலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பூட்டின் கடவுக்குறியைக் கடைக்காரரிடம் சொல்லும் தேவையும் இப்போது குறைந்துவிட்டது. சாம்சங் 2022இல் அறிமுகப்படுத்திய ‘மெயின்டனன்ஸ் மோட்’, கூகுள் பிக்சலில் 2023 டிசம்பரில் வந்த ‘ரிப்பேர் மோட்’ ஆகியவற்றை இயக்கிவிட்டால், படங்களும் செய்திகளும் மறைக்கப்பட்டு, சோதனைக்குத் தேவையான வசதிகள் மட்டும் பணியாளருக்குத் திறக்கும்.

உத்தரவாதமும் சட்டமும்

உத்தரவாதக் காலத்திலுள்ள கைப்பேசியைத் தனிக்கடையில் திறக்கும் முன் நிறுவனத்தின் சேவை மையத்தை விசாரிப்பது அவசியம். ஆனால் உத்தரவாதம் பல நேரங்களில் நாட்டெல்லைக்கு உட்பட்டது. ஐபோனுக்கான சேவையை அது முதலில் விற்கப்பட்ட நாட்டோடு வரையறுக்கும் உரிமையை ஆப்பிள் தன் விதிகளில் வைத்துக்கொண்டுள்ளது. கீழே போட்டு உடைத்தது எந்நாட்டிலும் சாதாரண உத்தரவாதத்தில் அடங்காது. தனிக்கடையில் பழுது பார்த்ததற்காகவே நிறுவனங்கள் கைவிரிப்பதைச் சில நாடுகள் ஏற்பதில்லை. தனிக்கடையில் பழுது பார்க்கப்பட்ட ஐபோன்கள் ‘பிழை 53’ என்ற அறிவிப்போடு செயலிழந்த விவகாரத்தில், நுகர்வோரின் உரிமை பற்றித் தவறான தகவல் தந்ததற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் கைப்பேசிகளுக்கு, விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்துள்ளது.

பயணிக்கு உடனடியாகப் பயன்படும் சட்டம் கடைக்காரரோடு அவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பற்றியது. 2014இல் சிம் லிம் ஸ்குவேரில் கைப்பேசி வாங்கிய வியட்நாம் நாட்டுப் பயணி ஒருவர், முழுதாகப் படிக்காமல் கையெழுத்திட்ட தாளில் பெருந்தொகையான உத்தரவாதக் கட்டணம் மறைந்திருந்ததை அறிந்து, பணத்தைத் திருப்பித் தருமாறு மண்டியிட்டுக் கெஞ்சிய காட்சி உலகெங்கும் பரவியது. அக்கடைக்காரர் அடுத்த ஆண்டில் சிறைத்தண்டனை பெற்றார். சிங்கப்பூரின் சிறு வழக்குத் தீர்ப்பாயம், 20,000 சிங்கப்பூர் டாலர் வரையிலான பொருள், சேவைத் தகராறுகளைச் சுற்றுலாப் பயணிகளிடமிருந்தும் ஏற்கிறது. ஆனால் தீர்ப்பாயமாயினும் கடைமேசையாயினும், வாய்ப்பேச்சைவிட எழுத்துக்கே மதிப்பு அதிகம். மாற்றப்படும் பாகத்தின் தரம், எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை, எத்தனை நாள் கேரண்டி ஆகிய மூன்றையும் வேலை தொடங்கும் முன்பே பில்லில் எழுதித் தருமாறு கேட்க வேண்டும். ‘அசல்’ என்று வாயால் சொல்லிவிட்டு அதை எழுத மறுக்கும் கடை, எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும், அது நான்காம் தரத் திரையின் விலைதான் என்று கொண்டு அடுத்த கடையை நோக்கி நடப்பதே சிக்கனம்.